கண்ணேறுப் பொம்மைக்கு மாட்டிய சட்டை

எங்கள் அக்கா போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் வணக்கம். இதில் நல்லதை மட்டும் எழுது, அடிதடியை எழுதாதே என்று சின்ன அண்ணன் சொல்லியனுப்பினான். அக்காவின் வாழ்க்கையிலிருந்து அடிதடியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அரைப் பக்கம்தான். அதனால் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது பூதப்பாண்டிக்குப் பக்கத்தில். ஐந்து பிள்ளைகளில் அவர் மூத்தவர், நான் கடைசி. பதினாறு வயதில் ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகும் சுக்கும் மொத்த வியாபாரம் செய்யும் குடும்பத்துக்கு மருமகளாக வந்தார். அத்தானுக்குக் கோபம் மூக்குக்கு மேல். கடையில் காட்ட முடியாததை வீட்டில் காட்டுவார். குழம்பில் உப்பு கூடினால் வட்டில் பறக்கும், குறைந்தால் கை பறக்கும்.

வீட்டுக்குப் பின்னால் கிணற்றை ஒட்டிக் கொஞ்சம் மண் கிடந்தது. துலாமழை ஓய்ந்ததும் கார்த்திகையில் அக்கா அதைக் கொத்துவார். கத்தரி, வெண்டை, புடலை, தடியங்காய் என்னும் வெள்ளைப் பூசணி. கிணற்றடி ஈரத்தில் சிறுகீரை, மல்லி, சளிக்குப் பனிக்கூர்க்கை. பனி விழும் மாதம் முழுக்கக் காலையும் மாலையும் தண்ணீர் கோரி ஊற்றினால் மாசி வரை கறிகாய்க்குச் சந்தை பார்க்க வேண்டாம். தோட்ட வேலை சாந்தமான வேலை என்று நினைப்பவர்கள் அக்காவைப் பார்த்ததில்லை. புழுவை விரலால் நசுக்குவார். பாத்தியைத் தோண்டிய பெருச்சாளிக்கு உலக்கையால் ஒரே போடு. வேலி தாண்டி வந்தால் ஆட்டுக்கு அடி, ஆட்டுக்காரருக்கு வசவு.

யுத்தத்தில் பர்மா அரிசி நின்றுபோன வருஷம், நான் வாத்தியார் டிரெயினிங் படிக்க வந்து அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். எனக்குப் பத்தொன்பது வயது. ரேஷன் அரிசி பாதி வயிற்றுக்குக் காணாது. வீட்டில் எட்டுப் பேரும் அந்தத் தோட்டத்தை நம்பித்தான் இருந்தோம். அந்த மார்கழியில் தடியங்காய்க் கொடி பிஞ்சு பிஞ்சாகப் பிடித்தது. போகிறவர் வருகிறவர் கண்ணெல்லாம் அதன்மேல்தான். பழஞ்சாக்கை மாட்டி ஒரு கண்ணேறுப் பொம்மை வைக்கும்படி அக்கா என்னிடம் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் அந்தப் பொம்மைக்கு உயிரோடிருப்பவர் துணியைப் போட மாட்டார்கள். காணாமற்போனவருக்கு உருவம் செய்து கொள்ளி வைப்பதுண்டு அல்லவா, அதுபோல் துணிக்கு உடையவர் உயிர் போய்விடுமென்ற பயம். எனக்கும் இது தெரியும். ஆனால் சாக்கு நனைந்து நாறிக் கிடந்தது. துணி காயும் கொடியில் அத்தானின் கிழிந்த சட்டை கிடந்தது. ஒரு ராத்திரிதானே, காலையில் மாற்றிவிடலாம் என்று வைக்கோலுக்கு அதை மாட்டிவிட்டேன். சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை.

காலையில் எனக்கு முன்பே அத்தான் எழுந்து முகம் கழுவப் போய்விட்டார். கரிச்சட்டித் தலையோடு தம் சட்டை நிற்பதைப் பார்த்தார். வெட்டுக்கத்தியை எடுத்து முதலில் பொம்மையை வெட்டினார். பிறகு கொடியை, புடலைப் பந்தலை, கத்தரியை, கண்ணில் பட்ட எல்லாவற்றையும் வெட்டினார். பிஞ்சுகள் பிளந்து சிதறின. எட்டுப் பேரின் சோறு அது.

“ஆருட்டி இதைக் கெட்டினது?”

“நாந்தான்” என்றார் அக்கா.

கத்தியைப் போட்டுவிட்டு மண்வெட்டிக் கணைக் கம்பை எடுத்தார். அக்காவின் இடது மணிக்கட்டு ஒடிந்த சத்தம் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குக் கேட்டது. நான் வெளியே வரவில்லை.

எலும்பு கட்டும் வைத்தியர் ஆசான் வந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டுப் போன பிறகு, உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அழுதேன். மேலே பேசவிடாமல் அக்கா சீறினார்.

“மிண்டாத இருட்டீ. செய்வினைக்காரின்னு பேரு வந்தா ஒன்னை ஆரு கெட்டுவா? எனக்கு இனி என்ன போச்சு?”

மறுநாளே ஒரு கையால் பாத்தி கொத்திக் கீரை விதைத்தார். நான் தண்ணீர் சுமந்தேன். அது முளைத்து வரும்வரை மரச்சீனிக் கிழங்குதான் மூன்று வேளையும். கிழங்கு அலுத்துப்போன அத்தான் ஒரு நாள் கிணற்றடியில் மறுபடி கை ஓங்கினார். அக்கா வலது கையால் வெட்டுக்கத்தியை எடுத்து, அதன் முதுகால் அவர் தோளில் போட்டார். அத்தான் கீரைப் பாத்தியில் விழுந்தார். இனி ஓங்கினால் கத்தியைத் திருப்பிப் பிடிப்பேன் என்று அக்கா சொன்னார். அதன்பின் அந்த வீட்டில் அடி விழவில்லை. நான் அன்று பட்ட சந்தோஷத்தை மறைக்க மாட்டேன்.

ஆனால் பேர் நின்றுவிட்டது. புருஷன் சாகப் பொம்மை வைத்தவள், புருஷனை அடித்தவள். ஏழு வருஷம் அக்கா இல்லாத இடத்திலெல்லாம் அந்தப் பேச்சுதான். எனக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆயிற்று. சென்ற வருஷம் விஷக்காய்ச்சலில் படுத்தபோதும், கோணிப்போன மணிக்கட்டை என் மடியில் வைத்துக்கொண்டு, வெண்டைக்குத் தண்ணீர் விட்டாயா என்றுதான் கேட்டார். பதினாறாம் நாள் அடியந்திரச் சாப்பாட்டில், இலைக்கு முன்னால் இருந்தே ஒருவர் அந்தச் சட்டைக் கதையை எடுத்தார். அப்போதும் நான் சாம்பார் வாளியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

கடைசி நாட்களில் மருந்தரைத்துக் கொடுத்த ஆசானுக்கும், மூன்று வாரம் கஞ்சி கொண்டுவந்த அடுத்த வீட்டு அம்மைக்கும், தோளில் சுமந்து கொண்டுபோன கடைக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்கா விதைத்துவிட்டுப் போன வெண்டையைப் பறித்துத் தின்ற எல்லோருக்கும் என் வணக்கம்.

அத்தான், இன்று திவசத்தில் முதல் பிரதி உங்கள் கைக்குத்தான் வரும். அந்தச் சட்டையை மாட்டியது நான். அக்கா இல்லை. இன்று நான் கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. உங்களுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.

— தங்கை