காது மேடம்

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் காது மேடம். எனக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் கல்லூரி உளவியல் துறையில் பதினெட்டு வருஷமாக நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து அறை. அறை என்று சொல்வதே மரியாதைக்குத்தான். ஓர் அறையை நடுவில் பலகை வைத்துத் தடுத்து ஆளுக்குப் பாதி கொடுத்திருக்கிறார்கள். நான் தும்மினால் அந்தப் பக்கமிருந்து "மாத்திரை போட்டியா" என்று குரல் வரும். என்னைவிட ஆறு வயது மூத்தவர் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

துறையில் ஒவ்வொரு ஆசிரியருக்கும் இருபது மாணவர்களைப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். நாங்கள் அவர்களுக்கு வழிகாட்டி ஆசிரியர். மூன்று வருஷத்துக்கு மாதம் ஒருமுறை ஒவ்வொருவரையும் அரை மணி நேரம் உட்கார வைத்துப் பேச வேண்டும். பாடம் புரிகிறதா, படித்து முடித்து என்ன செய்வதாக உத்தேசம், அதற்கு மேலே என்ன படிக்க வேண்டும், எல்லாம் பேச வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேர், ஆளைப் பார்த்த மாத்திரத்தில் மனசில் இருப்பதைப் படித்துவிடலாம் என்று நினைத்துச் சேர்ந்திருப்பார்கள். அதெல்லாம் நடக்காது என்று தெரிந்ததும் முகம் தொங்கிவிடும். மீதிப் பேர், சிநேகிதர்கள் எல்லாரும் தங்களிடம்தான் வந்து அழுகிறார்கள், அதனால் தாங்கள் ஆலோசகர் ஆகவே பிறந்தவர்கள் என்பார்கள்.

நான் புள்ளியியல் நடத்துகிறவள். எனக்கு அரை மணி எல்லாம் தேவைப்படாது. பள்ளிக்கூடத்தில் ஆலோசகர் வேலைக்கு இது வேண்டும், ஆஸ்பத்திரிக்கு அது வேண்டும், கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவுக்கு இன்னொன்று வேண்டும் என்று பத்து நிமிஷத்தில் கொட்டிவிடுவேன். உனக்குக் கணக்கு சுத்தமாக வரவில்லை, ஆராய்ச்சிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்று முகத்துக்கு நேராகவே சொல்லியும் இருக்கிறேன். இரண்டு பேர் அழுதிருக்கிறார்கள். ஒருத்தி இப்போது பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறாள், அது வேறு விஷயம்.

அக்கா அப்படி இல்லை. நாற்காலியை நேர் எதிரே போடாமல் கொஞ்சம் சாய்த்துப் போடுவார். பிள்ளை பேசி நிறுத்தியதும் உடனே வாயைத் திறக்க மாட்டார். மனசுக்குள் பத்து எண்ணுவார். பாதி நேரம் அந்தப் பத்துக்குள் பிள்ளையே மிச்சத்தையும் சொல்லிவிடும். அப்புறம்தான் அவர், நீ சொன்னதை நான் இப்படிப் புரிஞ்சுக்கிறேன், சரியா பாரு என்று அதன் பேச்சை அதற்கே திருப்பிச் சொல்வார். இதை நாங்கள் எல்லாருமே வகுப்பில் பாடமாக நடத்துகிறோம். பிள்ளைகள் மதிப்பெண்ணுக்காகச் செய்து காட்டுகிறார்கள். அக்காவுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. படிப்பையே விடப்போகிறேன் என்று உள்ளே போனவன், நாலாவது தடவை வெளியே வரும்போது எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பது என்று என்னிடம் வந்து கேட்டிருக்கிறான். என் கணக்கில் இருக்கிற பிள்ளைகளே, அவங்ககிட்ட மாறிக்கலாமா மேடம் என்று நைசாகக் கேட்பார்கள். எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய்.

அவருக்கு ஒரே மகள். அவளுக்கு ஒன்பது வயதாகும்போது அவள் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். மூன்றாவது வாரமே அக்கா வேலைக்கு வந்துவிட்டார். கண் கலங்கி ஒருவரும் பார்த்ததில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் குழந்தை நேரே எங்கள் துறைக்குத்தான் வரும். வீணாய்ப்போன தேர்வுத் தாள்களின் பின்பக்கத்தில் படம் வரையும். என்னைச் சித்தி என்று கூப்பிடும். அம்மா பாடம் நடத்தப் போனால் என் மேசைக்கு அடியில் தூங்கும். நான் அதட்டினால் திருப்பி அதட்டும். எனக்கு அந்தக் குழந்தையை ரொம்பப் பிடிக்கும்.

அவளும் எங்கள் துறையிலேயே வந்து சேர்ந்தாள். பெற்ற பிள்ளைக்கு வழிகாட்டி ஆசிரியராக இருக்கக் கூடாது என்பது விதி. அவள் பெயர் என் பட்டியலில் வந்தது. அக்காவுக்கு அன்றைக்கு வாயெல்லாம் பல். பத்திரமா பாத்துக்கோ, கடிச்சு வச்சிடாதே என்றார். முதல் நாள் அவள் உள்ளே வந்து, சொல்லுங்க சித்தி என்று காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இந்த அறைக்குள்ளே மேடம் என்று கூப்பிடு என்றேன். சரிங்க மேடம் சித்தி என்றாள்.

மாணவர் சொல்வது அறையைத் தாண்டக் கூடாது என்பது இன்னொரு விதி. பலகைத் தடுப்பு வழியாகக் கொட்டாவி விட்டால்கூடக் கேட்கும். அதனால் மகள் என் அறைக்குள் நுழைந்ததும், அக்கா கையில் இருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விடுவார். நடைபாதைக் கோடியில் தண்ணீர் சுத்திகரிப்பான் இருக்கும். அங்கே போய் அரை மணி நேரம் நிற்பார். கையில் ஒரு காலி பாட்டில். ஒட்டுக்கேட்டுவிடக் கூடாது என்று அத்தனை நேர்மை. மகள் வெளியே வரும்போது அவள் முகத்தை மட்டும் தூரத்திலிருந்து பார்ப்பார். அவள் கையசைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விடுவாள்.

மூன்றாவது வருஷம் அவள் ஒரு விண்ணப்பத்தோடு வந்தாள். பேச்சு வராத, நடக்க முடியாத குழந்தைகளோடு வேலை செய்வதற்கான மேற்படிப்பு. அதே படிப்பு எங்கள் கல்லூரியிலும் இருக்கிறது. அதில்தான் சேரப்போகிறாள் என்று அக்கா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இவள் கொண்டுவந்தது நாட்டின் அந்தக் கோடியில், இரண்டு நாள் ரயிலில் போக வேண்டிய ஒரு நகரத்துக்கு. அங்கே குழந்தைகள் ஆஸ்பத்திரியிலேயே தங்கிப் பயிற்சி. என் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்றாள். அம்மாவிடம் சொன்னாயா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

"சொன்னா என்ன சொல்வாங்கன்னு தெரியும். இது உனக்கு எவ்வளவு முக்கியம்னு எனக்குப் புரியுதுன்னு சொல்வாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. அப்படிச் சொன்னால் நல்லதுதானே என்றேன். நல்லதுதான் என்று சொல்லிவிட்டு விண்ணப்பத்தின் கடைசித் தேதியைக் காட்டினாள். அவ்வளவு பட்டவர்த்தனமாகச் சொல்லியும் எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. கடிதத்தை எழுதிக் கொடுத்தேன். நன்றாகவே எழுதினேன். என் வாயில் ஒன்றும் தங்காது என்பது துறை முழுக்கத் தெரியும். ஆனாலும் பக்கத்து அறையில் இருக்கிற அம்மாக்காரியிடம் மூச்சுவிடாமல் நாலு மாதம் ஓட்டினேன். அந்த நாலு மாதமும் அவரோடு உட்கார்ந்து டீ குடிப்பது எனக்குத் தண்டனையாக இருந்தது.

ஒருநாள் டீக் கோப்பையைக் கழுவிக்கொண்டே, அவ நல்லா இருக்காளா என்று என்னைக் கேட்டார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு என்னிடம் கேட்கிறீர்களே, இது நியாயமா என்றேன். அவர் குழாயை மூடினார்.

"வீட்ல கேட்டா, நல்லாயிருக்கேம்மாங்கறா. அவ்வளவுதான். யார் யார் வீட்டுப் பிள்ளைங்களோ என்கிட்ட வந்து கொட்டுது. இவ ஒரே ஒரு தடவை வந்து கொட்ட மாட்டாளான்னு இருக்கு எனக்கு. சாயங்காலம் அவ வர்ற நேரத்துக்கு எல்லா வேலையையும் முடிச்சுட்டு சும்மா உக்காந்திருக்கேன். இன்னைக்காவது ஏதாவது சொல்லுவாளான்னு."

எனக்குக் கோப்பையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. வகுப்புக்கு நேரமாச்சு என்று ஓடிவந்துவிட்டேன்.

கடைசிப் பருவத்தில் பெற்றோரை வரவழைத்து, பிள்ளை, பெற்றோர், வழிகாட்டி மூவரும் உட்கார்ந்து பேச வேண்டும். படித்து முடித்து என்ன செய்யப் போகிறேன் என்பதைப் பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டும். 'பெற்றோர் அவர்களுக்கு' என்று அச்சடித்த கடிதத்தைப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கு அவர் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தலைவாரி, வேறு உடை மாற்றிக்கொண்டு, மற்றப் பெற்றோர்களைப் போல வாசல் வழியாக வந்தார். நடைபாதை பெஞ்சில் அவர்களோடு உட்கார்ந்தார். ஒரு பையன் பதறிப்போய், ஏன் மேடம் இங்க உக்காந்திருக்கீங்க என்று எழுந்து நின்றான். இன்னைக்கு நான் மேடம் இல்லப்பா, அம்மா என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. இன்றைக்கு அவள் சொல்லியே ஆக வேண்டுமே. என்ன சொல்லப்போகிறாள் என்று தெரிந்த நான், அவர் முகத்தைப் பார்க்காமல் சந்திப்புப் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

மகள் ஒரே மூச்சில் சொன்னாள். ஊர், இரண்டு வருஷம், விடுதி, வருஷத்துக்குப் பத்து நாள் லீவு, இடம் கிடைத்துவிட்டது. இங்கேயே அந்தப் படிப்பு இருப்பது தெரியும், ஆனால் அங்கேதான் குழந்தைகளோடேயே இருக்கலாம் என்றாள். அக்காவின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துவிட்டது. கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டார். பத்து எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. நானும் கூடவே எண்ணினேன்.

"நீ இதைப் பத்தி ரொம்ப நாளா யோசிச்சிருக்கே. என்கிட்ட சொல்றதுக்கு உனக்குக் கஷ்டமா இருந்திருக்கு."

அவள் என் பக்கம் திரும்பினாள். பாத்தீங்களா சித்தி என்றாள். அப்புறம் அம்மாவைப் பார்த்தாள்.

"நான் உன் ஸ்டூடன்ட் இல்லம்மா. அப்பா போனப்ப நான் அழுதுட்டிருந்தேன். நீ பக்கத்துல உக்காந்து, உனக்கு ரொம்ப வருத்தமா இருக்குன்னு சொன்னே. எனக்கு வருத்தமா இருக்குன்னு எனக்கே தெரியாதா? உனக்கு இருந்துதான்னுதான்மா எனக்குத் தெரியல. இப்ப வரைக்கும் தெரியல."

வழிகாட்டி ஆசிரியர் அந்த மாதிரி நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. "அக்கா, பத்தும் எண்ண வேணாம், பதினஞ்சும் எண்ண வேணாம். வாயில வர்றதைச் சொல்லித் தொலைங்க" என்றேன்.

"போகாதே" என்றார். அந்தக் குரலைப் பதினெட்டு வருஷத்தில் நான் கேட்டதில்லை. "போகாதடி. அவரும் போயிட்டாரு, நீயும் போயிட்டா நான் யாருக்காகக் கதவைத் திறக்கறது? வருத்தம் இருந்துதாவா கேக்கறே? குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவேன்டி, உனக்குக் கேக்கக் கூடாதுன்னு. நான் உடைஞ்சா நீயும் உடைஞ்சிடுவேன்னு பயம். ரெண்டு வருஷமெல்லாம் என்னால முடியாது. போகாதே."

மகள் நாற்காலியை விட்டு இறங்கி அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அக்கா வாய்விட்டு அழுதார். வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கண்ணும் சும்மா இல்லை.

கொஞ்சம் ஓய்ந்த பிறகு அவள் தலையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அப்ப போகலையா?"

அதில் அத்தனை ஆசை இருந்தது. மடியிலிருந்தே பதில் வந்தது.

"போவேம்மா."

அக்கா அவள் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தார். போய்த் தொலை என்றார். படிவத்தில் பெற்றோர் கருத்து என்ற இடத்தில், எனக்கு இஷ்டமில்லை என்று எழுதினார். அதற்குக் கீழே சம்மதம் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, இதில் எதை எடுத்துக்கொள்வது என்று கேட்டார். இரண்டையும்தான் சார் என்றேன்.

அவள் போய் ஐந்து மாதம் ஆகிறது. தினமும் பேசிக்கொள்கிறார்கள். போனில் சண்டை போடுகிறாள், அக்காவும் சரிக்குச் சரி சண்டை போடுகிறார். போன வாரம் ஒரு மாணவனைக்கூடத் திட்டிவிட்டாராம். காது மேடத்துக்கு உடம்பு சரியில்லையா என்று அவன் ஆடிப்போய் என்னிடம் வந்து விசாரித்தான்.

இன்று காலை அக்கா என் பக்கத்துக்கு வந்து, மாணவர்கள் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தார். நேற்று ஒரு மணி நேரம் பேசினாளாம். வாயே திறக்காத ஒரு குழந்தை இவள் விரலைப் பிடித்ததாம். விடுதியில் கூட இருக்கிற பெண் இவளுடைய சோப்பையெல்லாம் தீர்த்துவிடுகிறாளாம்.

"எல்லாத்தையும் சொல்றாடி இப்பல்லாம். ஒண்ணு விடறதில்ல."

அதற்குத்தானே தவம் கிடந்தீர்கள் என்றேன். ஆமாம் என்றார். போனைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"காய்ச்சலாம். முன்னெல்லாம் வாயத் திறந்து சொல்ல மாட்டா, தூங்கினப்புறம் நான்தான் நெத்தியத் தொட்டுப் பாத்துத் தெரிஞ்சுக்குவேன். இப்ப அவளே சொல்றா. தொடத்தான் முடியல."