நாடிக்கட்டு

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரு குமிழ் உருண்டு முன்னுக்கு நகரும். கீழ்த்தாடை எலும்பின் மேல்முனை அது. மருத்துவபீடத்து முதல் வருடத்தில் அந்த எலும்பைக் கைப்பையில் கொண்டு திரிந்தவள் நான். சாப்பாட்டு மேசையிலும் வைத்துப் படிப்பேன். "உதை அங்காலை வை பிள்ளை, சோறு இறங்குதில்லை" என்று அப்பா ஏசுவார்.

அப்பா நெடுநாள் நோயில் கிடந்து, ஒரு காலை எட்டு மணிக்குக் கரவெட்டி வீட்டில் போனார். எதிர்பார்த்திருந்த சாவுதான். ஆனாலும் கைகால் ஓடவில்லை. அம்மா அழுதபடியே வெள்ளைத் துணியில் ஒரு கீலம் கிழித்து என்னிடம் நீட்டினார்.

"நாடியைக் கட்டு பிள்ளை. வாய் திறந்து போச்சு."

உயிர் போன கையோடு செய்கிற வேலை அது. நாடிக்கு, அதாவது மோவாய்க்குக் கீழே துணியைக் கொடுத்து உச்சந்தலையில் முடிய வேண்டும். நான் கட்டவில்லை.

"பொறுங்கோ அம்மா, அண்ணை வீடியோவிலை பாக்கட்டும். கட்டுப்போட்ட முகத்தை அவருக்குக் காட்டேலாது."

அண்ணை கனடாவில். அப்பா ஏசிய ஒரு சொல்லுக்காக நான்கு மாதமாக வீட்டுக்குக் கதைக்கவில்லை. அன்று அவருக்கு இரவு வேலை, தொலைபேசி வேலையிடத்துப் பெட்டியில் பூட்டிக் கிடந்தது. அழைப்பு எடுத்துக்கொண்டே இருந்தேன். பந்தல்காரர் வந்துவிட்டார்கள், ஐயருக்குச் சொல்லியாயிற்று, அண்ணை மட்டும் கிடைக்கவில்லை.

பதினொரு மணிக்கு அப்பாவின் நாடியைத் தொட்டுப் பார்த்தேன். அசையவில்லை. பிணத்தின் விறைப்பு தாடையில்தான் முதலில் தெரியும் என்று பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது சரிதான். எந்தப் புத்தகமும் படிக்காத அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. உள்ளங்கையால் நாடியை மேலே தள்ளினேன்.

"விடு பிள்ளை, அவருக்கு நோகும்" என்றார் அம்மா.

அரை மணி கழித்து, வேலை இடைவேளையில் அண்ணை திருப்பி எடுத்தார். வீடியோவில் அப்பாவின் முகத்தைக் காட்டினேன். கனநேரம் பார்த்தார்.

"அப்பா ஏதோ சொல்ல வெளிக்கிட்ட மாதிரி இருக்கு. என்ன சொன்னவர்?"

தசை தளர்ந்து தாடை விழுந்தது, விழுந்தபடியே இறுகியது. அவ்வளவுதான். அப்பா கடைசியாகக் கேட்டது தண்ணீர். அந்த நான்கு மாதத்தில் ஒரு நாள்கூட அண்ணையின் கதையை எடுக்கவில்லை.

"உங்களைத்தான் கேட்டவர்" என்றேன்.

அண்ணை குலுங்கி அழுதார். பிறகு நிமிர்ந்தார்.

"அப்ப ஏன் நீ எனக்கு முதலே சொல்லேல்லை? அவர் என்னைக் கேக்கேக்கை ஏன் எடுக்கேல்லை?"

அன்றிலிருந்து இரண்டு வருடமாக அண்ணை அம்மாவோடு மட்டும் கதைக்கிறார். அப்பா உங்களைக் கேட்கவே இல்லை என்று சொன்னால் என்னோடும் கதைப்பார். சொல்ல எனக்கு மனம் வரவில்லை.