எட்டாவது தட்டு

கூடைப்பந்து ஆட்டத்தின் சட்டதிட்டம் எனக்கு இன்றைக்கும் முழுதாகப் பிடிபடவில்லை. பந்து வளையத்துக்குள் விழுந்தால் நல்லது, வெளியே போனால் கெட்டது. அது போதும் என்று விட்டுவிட்டேன். ஆனால் எங்கள் குழுவில் எத்தனை பேர் மிச்சம் என்று கேட்டால், பயிற்சியாளர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன். பயிற்சியாளர் வேறு யாருமில்லை, என் மகன்தான். பையன்கள் அவனை 'சயா' என்று கூப்பிடுவார்கள். பர்மியில் வாத்தியார் என்று அர்த்தம். என்னை 'அப்வா' என்பார்கள். அது பாட்டி.

ரங்கூனில் தின்கன்ஜூன் பக்கம், குழுவை வைத்து நடத்துகிற முதலாளி ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார். மேலே பையன்கள், கீழே நானும் மகனும் மருமகளும். சமையல் என் கை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள். அதனால் ஆட்களை எனக்குப் பெயரால் தெரியாது, தட்டால்தான் தெரியும். மீன் தொடாதவன் ஒருத்தன். ங்கப்பி என்கிற கருவாட்டு விழுது இல்லாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவன் ஒருத்தன். பருப்பை மட்டும் மூன்று தரம் கேட்கிறவன் ஒருத்தன். வெளிநாட்டிலிருந்து சம்பளம் பேசிக் கூட்டிவந்த நெட்டையன் ஒருத்தன். அவன் நிலைப்படியில் குனிந்து வரும்போது எனக்குச் சிரிப்பு வரும். முதல் நாள் என் ரசத்தைத் தேநீர் என்று நினைத்துச் சர்க்கரை கேட்டான். கொடுத்தேன். குடித்தும்விட்டான். நல்ல பிள்ளை.

ஆட்டங்கள் தொடங்கியபோது பன்னிரண்டு எவர்சில்வர் தட்டு கழுவினேன். பன்னிரண்டு பேர் பெயரைத்தான் கூடைப்பந்துச் சங்கத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இடையில் புது ஆளைச் சேர்க்க முடியாது. ஆட்டத்தன்று அந்தப் பன்னிரண்டில் எட்டுப் பேராவது சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஆடாமலே தோல்வி. மழை முடிவதற்குள் மூன்று தட்டு குறைந்தது. ஒருத்தன் மலேசியா, இரண்டு பேர் தாய்லாந்து. பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிற இந்தக் காலத்தில் வயசுப் பையன் வெளியூர் போகிறேன் என்றால் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்புகிறோம். நான் மூன்று பேருக்கும் புளிச்சோறு கட்டினேன். அப்புறம் ஒருத்தனுக்கு முட்டி போயிற்று. ஓட முடியாது, ஆனால் சட்டை போட்டு உட்காரலாம். அவனை நாங்கள் கழிக்கவில்லை. ஆக ஒன்பது.

அதற்கு மேல் சம்பளம் நின்றது. மூன்று மாசம். முதலாளி க்யிம்யிண்டைங் படித்துறைப் பக்கம் அரிசி மண்டி வைத்திருக்கிறவர். சரக்கு வரவில்லை, வந்தால் விற்கவில்லை என்பார். பொய் என்றும் சொல்ல மாட்டேன், அவர் கட்டியிருந்த லுங்கியே சாயம் போயிருந்தது. பையன்கள் ஒருநாள் ஆட்டத்துக்குப் போக மாட்டோம் என்று மாடியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அன்றைக்கு ஆடாமலே தோற்றோம். சங்கத்தார், இன்னொரு தடவை இப்படி நடந்தால் உங்கள் குழுவையே நீக்கிவிடுவோம் என்று கடிதம் அனுப்பினார்கள். முதலாளி அதைப் படித்துவிட்டு மகனிடம் சொன்னாராம், நீக்கினால் அதோடு கடையைச் சாத்திவிடுவேன், பழைய சம்பளமும் கேட்கக் கூடாது என்று.

மகன் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. அவனுக்கு இதை விட்டால் வேறு வேலை தெரியாது. பள்ளிக்கூட வயதிலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டே இருந்தவன். அந்தச் சத்தம் பொறுக்காமல் பக்கத்து வீட்டுக்காரி ஒருமுறை பந்தை ஊசியால் குத்திவிட்டாள். அது பெரிய சண்டை. அது இருக்கட்டும்.

அடுப்புக்கு மேலே ஒரு மாரியம்மன் படம் மாட்டியிருக்கிறேன். காலையில் அதைப் பார்த்து, தாயே, இந்த மாசத்துக்குள்ளே பிள்ளைகளுக்குச் சம்பளம் வந்துவிட்டால் மாவ்பி கோவிலில் எங்கள் பிள்ளை ஒருத்தன் உனக்குப் பூ மிதிப்பான் என்று வேண்டிக்கொண்டேன். எங்கள் பிள்ளை என்று நான் நினைத்தது ரங்கூனுக்கு வெளியே மாவ்பியிலிருந்து வந்த பையனை. குழுவில் அவன் ஒருத்தன்தான் தமிழ்ப் பையன். மற்றவர்களிடம் தீமிதி என்றால் ஓடிவிடுவார்கள். வேண்டிக்கொண்ட பிறகுதான் அவனிடம் சொன்னேன். அவன் முட்டைக் குழம்பைத் துடைத்துச் சாப்பிட்டுக்கொண்டே, "சம்பளம் வரட்டும் பாட்டி, நெருப்பு என்ன, அதுக்கு மேல ரெண்டு ரவுண்டு ஓடியே காட்டுறேன்" என்றான்.

சம்பளம் வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அன்றைக்குக் கோழி அடித்தேன். சாப்பிட உட்காரும்போதுதான் நெட்டையன் இடம் காலி. முதலாளி அவனை நிறுத்திவிட்டு, அவனுக்குப் போக வேண்டிய காசைத்தான் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். அவன் ஒருத்தன் சம்பளம் ஐந்து பேர் சம்பளமாம். அவன் பெயரைச் சங்கத்திலிருந்து எடுத்தாகிவிட்டது, விமானமும் ஏறியாகிவிட்டது. எட்டுப் பேர் இருந்தால் போதுமே, எட்டுத்தான் இருக்கிறதே என்று முதலாளி கணக்கு. அம்மன் கொடுத்தாளா எடுத்தாளா என்று எனக்குப் புரியவில்லை. கொடுத்தது கொடுத்ததுதானே, கடனைக் கழிக்க வேண்டும்.

இங்கேதான் நான் செய்த வேலை. மாவ்பி கோவிலில் வெள்ளிக்கிழமை காப்புக் கட்டி, பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை பூ மிதிப்பார்கள். மஞ்சள் நூலில் மஞ்சள் கிழங்கைக் கோத்து மணிக்கட்டில் கட்டிவிட்டால், மிதித்து முடிக்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, கோவிலிலேயே படுக்கை. மாவ்பிக்காரன் போகும்போது கேட்டான், இடையில் ஆட்டம் ஏதாவது இருக்கிறதா என்று. இல்லையப்பா, ஆட்டம் அதற்கு அடுத்த புதன்கிழமைதான் என்றேன். அடித்துச் சொன்னேன். சமையலறைக் கதவில் ஆட்டப் பட்டியலை மகன் ஒட்டியிருப்பான். ஒட்டிய அன்றைக்கே அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு மனதில் வைத்துக்கொள்வேன். ஒருநாளும் தப்பியதில்லை. ஆனால் நடுவில் அரங்கத்தில் வேறு ஏதோ விழா என்று ஆட்டத்தை ஒரு வாரம் முன்னதாகவே வைத்து, புதுக் காகிதத்தைப் பழையதன் மேலேயே ஒட்டியிருக்கிறான். எனக்கு இரண்டும் ஒரே காகிதம்தான். என் வார்த்தையை நம்பி, பட்டியலைத் தானும் பார்க்காமல், அந்தப் பையன் சயாவிடம், ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை சாயங்காலம் தட்டுப் போடும்போது ஏழு. மகன் கேட்டான், மாவ்பிக்காரன் இன்னும் வரவில்லையா என்று. ஏன், அவன் ஞாயிற்றுக்கிழமை பூ மிதித்துவிட்டுத்தானே வருவான் என்றேன். மகன் கதவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அம்மா, ஆட்டம் நாளை மறுநாள்."

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. வெளியே போய் அந்தச் சந்தில் மேலும் கீழும் நடந்தான். பருப்பை மூன்று தரம் கேட்கிறவன் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. ஏழு பேர் போய் நின்றால் ஆட்டம் இல்லை, குழு இல்லை, இந்த வீடு இல்லை. என் ஒரு வாய் வார்த்தையால். மாவ்பிக்காரனுக்குப் போன் போட்டால் கோவிலில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்களாம், அவன் அம்மாதான் எடுத்தாள். காப்புக் கட்டினவனை எல்லை தாண்டச் சொல்கிறீர்களா, அவனுக்கு ஏதாவது ஆனால் நீங்கள் வந்து பார்ப்பீர்களா என்று வைத்துவிட்டாள்.

விடிந்ததும் நான் கிளம்பினேன். நீங்கள் போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்றான் மகன். எனக்கும் தெரியாது. இருந்தும் ஏறினேன். மாவ்பி பஸ்ஸில் எனக்கு எப்போதும் வாந்தி வரும், எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போவேன். அன்றைக்கு எலுமிச்சம்பழமும் மறந்துவிட்டது, வாந்தியும் மறந்துவிட்டது.

பையன் கோவில் பந்தலில் மஞ்சள் வேட்டியோடு உட்கார்ந்து வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் செத்துப்போயிற்று. பக்கத்தில் அவன் அம்மா. சந்தையில் கீரை விற்கிறவள், குரலும் அப்படித்தான் இருக்கும். இப்போது தாயே தாயே என்று முணுமுணுத்தாள். ஒரு பக்கம் பிள்ளையின் பிழைப்பு, ஒரு பக்கம் காப்பு. பையன் மணிக்கட்டை இன்னொரு கையால் மூடிக்கொண்டான். அவனுக்குப் பயம். எனக்கும் பயம்தான். நெருப்பில் இறங்குகிறவன் பாதியில் விட்டு ஓடினால் என்ன ஆகும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

பூசாரியிடம் போனேன். என்னைவிட இளையவர். மற்ற நாளில் மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறவர், வண்டிக்காரர் மாதிரியே வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுவார். மாவ்பியும் ரங்கூனும் இன்றைக்கு ஒரே ஊர் மாதிரிதானே, எல்லையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டுப் பார்த்தேன். அம்மனுக்கு நகரசபை வரைபடம் தெரியாது என்றார். பணம் போட்டு வேறு பூசை செய்கிறேன் என்றேன். கையிலிருந்த விபூதித் தட்டைக் கீழே வைத்தார்.

"ஆச்சி, நேந்துக்கிட்டது யாரு?"

"நான்தான்."

"மிதிக்கப் போறது?"

"அவன்."

"வாயி ஒங்களுது, காலு மட்டும் ஊரான் வூட்டுப் பிள்ளையுதா?"

அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் அது எனக்குத் தோன்றவே இல்லை. இந்தக் கோவிலில் பெண்களும் இறங்குகிறார்கள். எனக்கோ சர்க்கரை வியாதி, வலது காலில் ஆணி, செருப்பில்லாமல் வாசல்கூடத் தாண்டாதே என்று டாக்டர் சொல்லி வைத்திருக்கிறார். கேட்டால் மகன் விடமாட்டான். அதனால் கேட்கவில்லை.

முதலில் எனக்குக் கட்டுங்கள், அப்புறம் அவனுடையதை அவிழுங்கள், நடுவில் ஒரு நொடிகூடக் காப்பு இல்லாமல் இருக்க வேண்டாம் என்றேன். பூசாரி அம்மன் முன்னால் பூக்கட்டிப் பார்த்தார். வெள்ளைப் பூ வந்தது, அம்மனுக்குச் சம்மதம். குளத்தில் முழுகி ஈரச் சேலையோடு வந்து கையை நீட்டினேன். கட்டினார். பிறகு அவனுடையதை அவிழ்த்து அம்மன் காலடியில் வைத்தார். அவன் அம்மா அதுவரை மூச்சுவிடாமல் நின்றவள், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பையன் என் காலில் விழுந்தான். எழுந்து ஓடு, பஸ் போய்விடும் என்று விரட்டினேன்.

மகனுக்குப் போன் போட்டு, பையன் வருகிறான், நான் ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம்தான் வருவேன் என்றேன். மாத்திரை வைத்திருக்கிறீர்களா என்று மட்டும் கேட்டான்.

புதன்கிழமை பொழுது போகவே இல்லை. மாவ்பியில் காலையிலிருந்து கரண்டு கிடையாது. கீரைக்காரியின் போனில் ஒரு கோடு சார்ஜ்தான் மிச்சம். இரண்டு பேரும் அதை நடுவில் வைத்துக்கொண்டு, தொடாமல், பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். வழியில் பஸ் நின்றிருந்தால்? முட்டிக்காரன் மாடிப்படியில் தடுக்கி விழுந்திருந்தால்? ஒருத்தனுக்கு வயிற்றுப்போக்கு வந்திருந்தால்? நான் இல்லாமல் கடையில் எதையாவது வாங்கித் தின்றிருப்பார்களே என்று வேறு அடித்துக்கொண்டது. அவள் வெற்றிலையை மடித்து மடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு விரதம், அதுவும் இல்லை.

இருட்டுகிற நேரத்தில் போன் அடித்தது. மாவ்பிக்காரன்.

"தோத்துட்டோம் பாட்டி. பெரிய தோல்வி."

"எத்தனை பேரு நின்னீங்க?"

"எட்டுப் பேரு. நடுவர் ரெண்டு தரம் எண்ணினாரு."

"அப்ப சரி" என்றேன். அத்தோடு போன் செத்துவிட்டது. கீரைக்காரியும் நானும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தோம் பாருங்கள், பந்தலில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். பெரிய தோல்விக்கு இப்படிச் சிரித்தவர்கள் உலகத்தில் நாங்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை தணலைப் பரப்பி விசிறினபோது, இந்தச் சிரிப்பெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. எனக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் இறங்கினார்கள். வெக்கை முகத்தில் அடித்தது. வலது காலில் ஆணி இருந்த இடம் அப்போதே எரிந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது, மறைக்க மாட்டேன். அப்போது குழியின் அந்தப் பக்கம் பார்த்தேன். மகன் வாடகைக்கு ஒரு லாரி பிடித்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். எட்டும் ஒரே நிறச் சட்டையோடு வரிசையாக நிற்கிறது. அவர்களுக்குப் பின்னால் சாயம் போன லுங்கியோடு முதலாளி. மகன் முகம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது.

இறங்கினேன். அடிக்கு ஒரு தட்டாக எண்ணிக்கொண்டே போனேன். மீன் தொடாதவன், ங்கப்பிக்காரன், பருப்புக்காரன், ஸ்பூனில் மட்டும் சாப்பிடுகிறவன், காலையில் மட்டும் சாப்பிடாதவன், தட்டை நக்குகிறவன், மாவ்பிக்காரன். சூடு தெரிந்ததா என்று எல்லாரும் கேட்கிறார்கள். தெரிந்தது. தெரியவில்லை என்று சொன்னால் பொய். எட்டாவது அடி, தணலுக்கு அப்பால் பால் ஊற்றி வைத்திருக்கும் பால்குழியில் விழுந்தது. ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு முட்டிக்காரன்தான் கையைக் கொடுத்துத் தூக்கினான். அவன் பர்மாக்காரன், இந்த வழிபாடு எதுவும் அவனுக்குத் தெரியாது. என் காலைக் குனிந்து ஒருமுறை பார்த்தான்.

"அப்வா, நாளைக்குக் காலையில நீங்கதானே சமையல்?" என்றான் பர்மியில். "சயா வைக்கிற சோறு வேண்டாம்."