இரண்டு முப்பத்திரண்டு

எங்கள் வீட்டில் இரண்டு துப்பாக்கிகள் இருக்கின்றன. பெரிய தம்பியுடையது ரிவால்வர், சின்னவனுடையது பிஸ்டல். இரண்டுக்கும் லைசென்ஸ் உண்டு. இரண்டுக்கும் தோட்டா அளவு பாயிண்ட் முப்பத்திரண்டுதான். ஆனால் ஒன்றின் தோட்டா மற்றதில் போகாது. இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு என்ன தலையெழுத்தோ.

ஆம்பூர் பக்கத்தில் அப்பா விட்டுப்போன, ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற கம்பெனி நன்றாக ஓடிய காலத்தில், சம்பளப் பணம் எடுத்துவரும்போது துணைக்கு இருக்கட்டும் என்று பெரியவன் வாங்கினான். அவனிடம் இருக்கிறதே என்று சின்னவனும் வாங்கினான். பிறகு ஆர்டர் குறைந்தது. அது குறையக் குறைய, கம்பெனி யாருக்கு என்ற சண்டை வளர்ந்தது. கோர்ட்டுக்குப் போனார்கள். வீட்டுக்கு நடுவில் காம்பவுண்டு எழுப்பினார்கள். புருஷன் போனபின் இங்கே வந்து தங்கிவிட்ட எனக்குப் பின்பக்க அறை, அதற்கு இரண்டு பக்கமும் கதவு. இருவருக்கும் நான்தான் சோறாக்கிப் போடுகிறேன்.

அவர்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. வீம்பெல்லாம் என்னிடம்தான், அதுவும் தோட்டாவைப் பற்றி.

“அவன்து சின்னத் தோட்டாக்கா. குண்டு வெய்ட்டே கம்மி. என்னுது ஈயம், நல்லா கனம்” என்பான் பெரியவன், சாப்பிட்டுக்கொண்டே.

அந்தப் பக்கம் போனால் சின்னவன், “கனமா இருந்து இன்னா புண்ணியம்? மெதுவாப் போவும். என்னுது வேகம் ஜாஸ்தி. ஃபாரின் தோட்டா போட்டா இன்னும் ஜாஸ்தி” என்பான்.

“கருமம், சோத்தைத் தின்னுடா!” என்று கத்துவேன்.

ஒருநாள் பெரியவன் என்னை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டு, திரும்பும் வழியில் துப்பாக்கிக் கடையில் காரை நிறுத்தினான். நானும் உள்ளே போனேன். கடைக்காரர் இரண்டு தோட்டாக்களையும் கண்ணாடி மேல் நிறுத்திக் காட்டினார். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. உள்ளூர்த் தோட்டா, வெளிநாட்டுத் தோட்டா, எதில் வெடிமருந்து எப்படி என்றெல்லாம் விளக்கிவிட்டுச் சிரித்தார்.

“இன்னா சார், இவ்ளோ யோசிக்கிறீங்க? ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். பெரிய துப்பாக்கிங்க முன்னாடி ரெண்டுமே கம்மி. ஆனா கிட்டக்க இருந்தா எது பட்டாலும் ஆள் பூடுவான்.”

“கிட்டன்னா? ஒரு காம்பவுண்டுக்கு இந்தாண்ட அந்தாண்டன்னா?” என்று கேட்டான் என் தம்பி.

கடைக்காரரின் சிரிப்பு நின்றது. வழியெல்லாம் அழுதேன், திட்டினேன், செத்துப்போன அம்மா மேல் சத்தியம் கேட்டேன். அவன் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டே வந்தான்.

அந்த நேரம் தேர்தல் வந்தது. லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் ரிசல்ட் வரும்வரை துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். இருவரும் ஒப்படைத்தார்கள். அப்பாடா என்று தூங்கினேன். ஊரே ரிசல்ட்டுக்குக் காத்திருந்தபோது, அது வரவே கூடாது என்று சோளிங்கர் மலையேறி வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ரிசல்ட் வந்துவிட்டது. ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

“சார், ரெண்டையும் திருப்பிக் குடுக்காதீங்க.”

“யாராவது யாரையாவது மிரட்டினாங்களாம்மா?”

“இன்னும் இல்ல சார்.”

“அப்போ இன்னான்னு கம்ப்ளைண்ட் எழுதறது? லைசென்ஸ் குடுத்த ஆபீஸ்ல போய்ச் சொல்லு.”

அந்த ஆபீஸுக்கும் போனேன். ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டு வா என்றார்கள். அவரவர் வேலையை அவரவர் சரியாகத்தான் செய்தார்கள். யார் மேல் கோபப்படுவது?

போன வாரம் இருவரும் போய் வாங்கி வந்துவிட்டார்கள். அன்று மத்தியானம் சின்னவன் தோட்டாப் பேச்சே எடுக்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுச் சொன்னான்: “அக்கா, குடியாத்தத்துக்குப் போய் உன் பொண்ணு வூட்ல கொஞ்ச நாள் இருந்துட்டு வாயேன்.”

“எதுக்குடா?”

“சும்மாதான்.”

பெரியவனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு போனேன். அவன் தலை நிமிரவில்லை.

“பொண்ணைப் பாத்து நாளாச்சேக்கா. போய் இருந்துட்டு வா. நானே பஸ் ஏத்தி உடறேன்.”

இத்தனை வருஷத்தில் இருவரும் ஒத்துப்போனது இந்த ஒன்றில்தான். அடப் பாவிகளா, என்னை மட்டும் எதுக்குடா காப்பாத்தப் பாக்கறீங்க?