நிமிடக் கணக்கில் அப்பா

மகளுக்குப் பதினாறு மாதம் ஆனபோது அவளிடம் இரண்டே சொற்கள் இருந்தன: அம்மா, பா. இரண்டாவது பாலா, அப்பாவா என்று தெரியவில்லை. தடுப்பூசி போடப் போன இடத்தில் மருத்துவர், சாப்பிடும்போது போன் காட்டுகிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒரு செயலியின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

எளிமையான செயலிதான். குழந்தை திரையைப் பார்க்கத் தொடங்கும்போது ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், முடிந்ததும் மறுபடி. நிமிடங்களைக் கூட்டி, அளவு மீறினால் ஒரு வட்டத்தைச் சிவப்பாக்கும். துறைமுகத்தில் எந்தக் கன்டெய்னர் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் மென்பொருளைப் பராமரிப்பது என் வேலை. சிவப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க எனக்கு வராது.

முதல் வாரப் பதிவைப் பிரித்து எழுதினேன். காலைச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு, நான் குளிக்கும் நேரம், அவளுடைய அப்பாவின் வீடியோ அழைப்பு. செயலி சொன்ன யோசனைப்படி சாப்பாட்டை ஜன்னலோரம் மாற்றினேன். துறைமுகச் சாலையில் லாரிகளுக்குப் பஞ்சமில்லை. 'லாயி' அவளுடைய மூன்றாவது சொல் ஆனது. நான் குளிக்கும்போது அவளுக்கு ஒரு வாளியும் இரண்டு தம்ளரும் போதுமாக இருந்தன. வட்டம் அப்போதும் சிவப்பு. நான்காவது மட்டும் மீதி இருந்தது.

கணவர் கப்பலில் இன்ஜினியர். மகளுக்குப் பத்து மாதமாக இருந்தபோது கப்பல் ஏறியவர். ஒப்பந்தம் முடிய இன்னும் மூன்று மாதம். இறங்கி வரும்போது பிள்ளைக்குத் தன்னை அடையாளம் தெரிய வேண்டும் என்பது அவருக்கிருந்த பெரிய கவலை. நான் வீடியோவை அணைத்தேன்.

"ஏளா, படம் வரலியே. கேமரா போச்சா?"

"நான்தான் அணைச்சேன். இனிமே வெறும் பேச்சுதான். நிமிஷம் கூடுது."

"நான் என்ன கார்ட்டூனா?"

"ஆப்புக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"நல்லாருக்கு. நான் வாரப்ப யாரு இந்த ஆளுன்னு கேக்கப் போவுது பிள்ள."

வட்டம் பச்சையானது. மூன்று மாதமும் போனை அலமாரியின் மேல்தட்டில், திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். அதிலிருந்து தினமும் "ஏ நெத்திலி, தின்னியா?" என்று குரல் வரும். அவள் அண்ணாந்து "ம்" என்பாள். சொற்கள் பதினொன்றாயின.

அவர் வந்த அன்று அவரைப் பார்த்ததும் அலறி என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இரண்டு மணி நேரம் பொம்மையும் கையுமாக உட்கார்ந்திருந்தவர், தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார். பழக்கத்தில் அங்கிருந்தே, "ஏ நெத்திலி, தின்னியா?" என்றார்.

அழுகை நின்றது. அலமாரியின் மேல்தட்டை அண்ணாந்து பார்த்து "ம்" என்றாள்.

அவர் ஆவலாக வெளியே வந்தார். மறுபடியும் அலறல்.

"சரி, நான் இங்கனயே நிக்கேன்" என்று உள்ளே போய்விட்டார்.

அந்த நேரத்தில்தான் செயலியின் மூலையில் இருந்த கேள்விக்குறியை முதன்முறையாகத் தொட்டேன். உதவிப் பக்கத்தின் மூன்றாவது வரி: தொலைவில் உள்ள குடும்பத்தினருடன் பேசும் வீடியோ அழைப்புகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அலுவலகத்தில் உதவிப் பக்கம் எழுதுவதே நான்தான். அந்த வரியை அவருக்குக் கேட்கும்படி வாசித்தேன்.

சமையலறையில் தம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "கப்பல்ல மேனுவல் படிக்காம வால்வத் தொட்டா அடுத்த துறைமுகத்துல எறக்கி விட்டுருவாவ, தெரியுமா?" என்றார்.

"ம்" என்றாள் மகள், அலமாரியைப் பார்த்து.

மறுநாள் காலை அவர் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, கையை மட்டும் வெளியே நீட்டி இட்லி ஊட்டினார். ஆறு வாய் வாங்கிக்கொண்டாள். ஏழாவதுக்கு, அது யாருடைய கை என்று எட்டிப் பார்த்தாள்.