ஆறு பேருக்கு ஓர் அரட்டை அறை

எங்கள் சின்ன மென்பொருள் அலுவலகத்தை மூடிய அன்று மாலையே அலுவலக அரட்டைக் கணக்கும் போய்விட்டது. ஆறு பேர் வருடக்கணக்கில் பேசியதெல்லாம் அதில் இருந்தது. போனில் ஒரு குழு உண்டு. அதில் காலை வணக்கப் படங்கள்தான் வரும்.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு மாடி போர்ஷனில் தனியாக இருந்தேன். காய்கறி வண்டிக்காரரிடம் பேசினால்தான் அன்றைக்கு என் குரல் எனக்கே கேட்கும். அதனால் எங்களுக்கென்று ஓர் அரட்டை அறையை நானே அமைத்தேன். பிரவுசரில் திறந்தால் போதும், பேசலாம். அதைக் கன்டெய்னரில் ஏற்றினேன். நிரலையும் அதற்கு வேண்டிய சாமான்களையும் ஒன்றாகப் போட்டு மூடிய பெட்டி மாதிரி அது.

முதல் நாளே ஒரு தப்பு செய்தேன். பழைய பெட்டியை நீக்கிப் புதியதை ஏற்றியபோது ஆறு பேரின் கணக்குகளும் அழிந்தன. தரவைப் பெட்டிக்கு வெளியே ஒரு ஃபோல்டரில் வைத்திருக்க வேண்டும்; நான் வைக்கவில்லை. மறுபடி உட்கார்ந்து ஆறு பெயர்களையும் தட்டினேன். அலுக்கவில்லை.

எல்லோரும் வந்தார்கள். இரண்டு வாரம் ஒரே கலகலப்பு. பிறகு ஒவ்வொருவருக்கும் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை கிடைத்தது. நான் மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன்: கரண்ட் இல்லை, ஸ்கூட்டர் பஞ்சர், மழை வரும்போல இருக்கிறது. யார் படிக்கிறார்கள் என்று அந்த நிரல் காட்டாது. ஒரு மத்தியானம், போதும் என்று கன்டெய்னரை நிறுத்தினேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது. எங்களோடு டெஸ்டிங்கில் இருந்த அரியாங்குப்பத்துப் பெண். இப்போது பெங்களூரில் இருக்கிறாள்.

"அக்கா, நம்ம பேஜ் தொறக்க மாட்டேங்குது?"

"நிறுத்திட்டேன்மா. யாரும்தான் வர்றதில்லையே."

"நான் வரேனே. தெனம் பஸ்ல உக்காந்து நீங்க எழுதுறதப் படிப்பேன்."

"நீ ஒரு வார்த்த எழுதலியே?"



"என்னத்தக்கா எழுதுறது? இங்க எனக்கு யாரையும் தெரியாது. ரூமுக்கு வரேன், தூங்குறேன். அதப் போயி எழுதுவாங்களா?"

போனைக் காதில் வைத்தபடியே கன்டெய்னரை ஓடவிட்டேன். "இப்பப் பாரு."

"தொறக்குதுக்கா."

மறுநாள் மத்தியானம் அவளிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது: 'கேன்டீன் சாம்பார்ல சக்கர போட்டுருக்காங்க.'

என்ன எழுதுவதென்று யோசித்தேன். 'இங்க ரசம்தான்' என்று எழுதிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.