விசிறித் தண்டில் ஒரு கறுப்புக் கயிறு

என் மைத்துனன் என்னைக் கரையில் வைத்து அவமானப்படுத்தியது, ஆயுத பூஜை முடிந்த இரண்டாவது வாரம். அறுபதுகளில் பிச்சாவரம் பக்கம் எங்கள் குப்பத்தில் மோட்டார் பூட்டிய படகு மாமனாருடையது ஒன்றுதான். கடலூரில் யாரோ கழித்துவிட்ட, படகின் பின்னால் மாட்டுகிற பழைய அவுட்போர்டு மோட்டார். இரண்டு வருஷமாக அதை ஓட்டியவன் நான். அதன் பிடி என் கையில் இருந்தவரைக்கும்தான் வீட்டோடு மாப்பிள்ளை என்று யாரும் என்னை இளக்காரமாகப் பார்க்கவில்லை.

திடீரென்று கியர் ஆயில் கெட்டது. தண்ணீருக்குள் இருக்கும் கியர் பெட்டியின் அடித் திருகைக் கழற்றினால் மோர் மாதிரி வெள்ளையாக ஒழுகியது. உள்ளே தண்ணீர் போகிறது என்று அர்த்தம்.

"மாமாவுக்கு ஸ்குரூவ ஒழுங்கா முடுக்கத் தெரியல. இனிமே நான் ஓட்டறேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னான் மைத்துனன். மாமனாரும் பிடியை அவனிடம் கொடுத்துவிட்டார். அதே கரையில், அதே ஆட்கள் முன்னால் இவனை நிறுத்தாமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டேன்.

சிதம்பரம் போய் புது வாஷரும் ஆயிலும் வாங்கி வந்தேன். கீழ்த்துளை வழியாக ஆயிலை ஏற்றி, மேல்துளையில் வழிந்ததும் இரண்டு திருகையும் அவனையே முடுக்கச் சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினான். மறுநாள் அவன் ஓட்டிவிட்டு வந்ததும் திறந்தேன். மறுபடியும் மோர்.

"இப்ப யாருக்கு மச்சான் முடுக்கத் தெரியல?"

கோளாறு திருகில் இல்லை என்று தெரிந்ததும், ஆட்கள் சுற்றி நிற்க, தண்ணீருக்குள் சுழலும் விசிறியைக் கழற்றினேன். தண்டில் ஒரு கறுப்புக் கயிறு இறுகச் சுற்றி, தண்ணீர் புகாமல் தடுக்கும் ‘ஆயில் சீல்’ ரப்பர் வளையத்தை அறுத்திருந்தது. நான் ஊரில் இல்லாத ஆயுத பூஜை அன்று, மோட்டாருக்குக் கண் படக்கூடாது என்று மைத்துனன் விசிறியில் கட்டிய கயிறு.

"நீதானடா கட்டுன!" என்றார் மாமனார்.

நான் கத்தவில்லை. மிஞ்சியிருந்த ஒரு சாண் கயிற்றை அவன் மணிக்கட்டில் கட்டி, முடிச்சை இறுக்கினேன். "உனக்குக் கண்ணு படப்போவுது மச்சான்." கரையே சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பு போதவில்லை.

"எப்ப மாமா அவுக்கறது?"

"ஆயில் தெளியட்டும்."

"அவுரு சொல்ற வரைக்கும் அவுக்காத" என்று சொல்லி, பிடியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார் மாமனார்.

கடலூர் துறைமுகத்தில் சீல் வாங்கி வந்து போட்டேன். முதல் ஓட்டத்திலேயே ஆயில் தெளிந்துவிட்டது. திருகைத் திறந்து பார்க்கிறவன் நான் ஒருவன்தான். அவன் வாரா வாரம் வந்து கேட்டான்.

"இன்னும் தெளியல மச்சான்" என்றே பொங்கல் வரைக்கும் சொன்னேன்.